ஒல்லியாக இருப்பவருக்குக் கொழுப்புக் கல்லீரல் வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வயது 36, உயரம் 170 சென்டிமீட்டர், எடை 64 கிலோ, மதுப் பழக்கம் இல்லை. அலுவலகத்தில் ஏற்பாடு செய்த முழு உடல் பரிசோதனையில், ஸ்கேன் அறிக்கை 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று சொல்லியிருக்கிறது. "குண்டாக இருப்பவர்களுக்குத்தானே இது வரும்? எனக்கு வரப்போகிறது என்று முன்பே கணித்திருக்க முடியாதா? என்னைப் போலவே ஒல்லியான தம்பிக்கும் வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் ரத்தப் பரிசோதனை எண்களை ஒன்றுவிடாமல் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கும் விதத்தைப் பார்த்தால், கேட்காத கேள்வி ஒன்றும் இருக்கிறது. இது கல்லீரல் சுருக்கத்தில் கொண்டுபோய் விடுமா என்பதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது.

கல்லீரலில் கொழுப்பு சேருமா என்பது ஒரு கணிப்பு. சேர்ந்த கொழுப்பு கல்லீரலைத் தழும்பாக்கிச் சுருக்குமா என்பது வேறொரு கணிப்பு. முதலாவதற்குப் பயன்படும் எண்கள் இரண்டாவதற்கு அவ்வளவாக உதவாது. நோயாளிகள் மட்டுமல்ல, அவசரத்தில் நாங்களும் இவை இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லீரல் நோயாளிகளைப் பார்த்துவருகிறேன். அந்தக் குழப்பத்தின் விலையை ஒரு நோயாளி கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒல்லியானவருக்கு எப்படி வருகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். பழைய வீடுகளில் நெல் கொட்டிவைக்கக் குதிர் இருக்கும். குதிர் பெரியதாக இருந்தால் நல்ல விளைச்சல் வந்தாலும் வீட்டுக்குள் சிந்தாது. சிறிய குதிர் உள்ள வீட்டில், கொஞ்சம் அதிகமாக வந்தாலே நெல் கூடத்தில் குவியும். தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்புத் திசு உடலின் குதிர். அதன் கொள்ளளவு ஆளுக்கு ஆள் மாறும். சிலர் நூறு கிலோ எடையிலும் கல்லீரலில் கொழுப்பின்றி இருப்பார்கள். சிலருக்கு அறுபது கிலோவிலேயே குதிர் நிரம்பிவிடும். மிச்சம் வயிற்றின் உட்புறத்திலும் கல்லீரலிலும் போய்ச் சேரும். இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது, கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பமிலங்கள் இரவும் பகலும் ரத்தத்தில் கசிந்துகொண்டே இருக்கும். கல்லீரலில் தேங்கும் கொழுப்பில் பாதிக்கு மேல் இந்த வழியாக வருவதுதான். நேற்றுச் சாப்பிட்ட எண்ணெய்ப் பலகாரம் அப்படியே கல்லீரலில் போய் ஒட்டிக்கொள்கிறது என்பது பலரும் நினைத்துக்கொண்டிருப்பது. அந்த நேரடி வழியின் பங்கு குறைவு. மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரலே கொழுப்பாக மாற்றிக்கொள்வது அதைவிட அதிகம்.

தெற்காசியர்களுக்கு இந்தக் குதிர் சராசரியாகச் சிறியது என்பதில் இன்று பெரிய சர்ச்சை இல்லை. புணேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த அவருடைய சக ஆய்வாளர் ஜான் யட்கினும் 2004இல் 'லான்செட்' இதழில் தங்கள் புகைப்படத்தையே வெளியிட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. ஆனால் உடல் கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். வகுப்பில் பாடம் நடத்தும்போது அந்தப் படத்தைக் காட்டிவிட்டால் எனக்கு வேலை பாதி முடிந்துவிடும். எடைக் கருவிக்குத் தசையும் கொழுப்பும் ஒன்றுதான்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டக் கிராமங்களில் நடந்து 2010இல் வெளியான ஆய்வு. கார், பீட்சா, குளிர்பானம் என்று யாரும் பழிபோட முடியாத ஊர்கள். 1,911 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களின் சராசரி பி.எம்.ஐ. 20ஐக்கூடத் தொடவில்லை. அவர்களில் 8.7 சதவீதத்தினருக்குக் கல்லீரலில் கொழுப்பு இருந்தது. அப்படி இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேரின் பி.எம்.ஐ. 25க்குக் கீழே. 54 சதவீதத்தினருக்கு எடையும் கூடவில்லை, தொப்பையும் இல்லை. உலக அளவில் பல ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான கணக்கும், கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஒல்லியானவர் என்றே சொல்கிறது. ஆகவே 'குண்டாக இருப்பவர்களுக்குத்தானே' என்ற உங்கள் முதல் கேள்விக்குப் பதில், இல்லை என்பதுதான்.

இனி, முன்பே கணித்திருக்க முடியுமா என்பது. முடிந்திருக்கும், உங்கள் எண்களே அதைச் சொல்கின்றன. ரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 192, நல்ல கொழுப்பான எச்.டி.எல். 36, வெறும் வயிற்றுச் சர்க்கரை 104. 2023இல் இந்த நோயின் பெயரையும் வரையறையையும் பன்னாட்டு நிபுணர் குழு மாற்றி அமைத்தது. எடை அல்லது இடுப்பளவு, சர்க்கரை, ரத்த அழுத்தம், டிரைகிளிசரைடு, எச்.டி.எல். என்ற ஐந்தில் ஒன்றேனும் எல்லை தாண்டியிருந்தால், இது வளர்சிதை மாற்றக் கோளாறோடு சேர்ந்த கொழுப்புக் கல்லீரல். சர்க்கரைக்கு எல்லை 100, டிரைகிளிசரைடுக்கு 150, ஆணுக்கு எச்.டி.எல். 40. ஒன்று போதும் என்ற இடத்தில் உங்களிடம் மூன்று இருக்கின்றன. பரிசோதனைக் கூடத்தின் அறிக்கையில் இவை மூன்று தனித்தனி நட்சத்திரக் குறிகளாக மூன்று பக்கங்களில் சிதறிக் கிடந்திருக்கும். சேர்த்துப் படித்தால், இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்ற ஒரே செய்திதான்.

இடுப்பளவு 89 என்று எழுதி, 'எல்லைக்குள்தான்' என்று பக்கத்தில் குறித்திருக்கிறீர்கள். இந்திய ஆண்களுக்கு எல்லை 90. ஒரு சென்டிமீட்டர் வித்தியாசத்தில் தப்பித்ததாக நினைக்கிறீர்கள். அந்த 90, ஆறடி உயர ஆளுக்கும் ஐந்தடி உயர ஆளுக்கும் ஒன்றேதான் என்பதை யோசித்துப் பாருங்கள். ஒல்லியானவர்களிடம் நான் பார்ப்பது உயரத்தில் பாதி என்ற கணக்கு. உங்கள் உயரத்தில் பாதி 85. அதை நான்கு சென்டிமீட்டர் தாண்டியிருக்கிறீர்கள். (பேண்ட் அளவைச் சொல்லாதீர்கள். பேண்டைத் தொப்புளுக்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டு இருபது வருடங்களாக அதே அளவுதான் என்று சொல்பவர்களை வாரத்துக்கு நாலு பேரையாவது பார்க்கிறேன். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும்.)

கல்லூரிக் காலத்தில் 53 கிலோ இருந்ததாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் கண்ணில் பட்டது. பி.எம்.ஐ. 22 என்பது 'சரியான எடை'. ஆனால் 18-லிருந்து ஏறி 22க்கு வந்தவரும், எப்போதும் 22-லேயே இருந்தவரும் ஒன்றல்ல. கூடிய 11 கிலோவில் தசை எவ்வளவு என்று கேட்டால், மேசை வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் சிரிப்பார்கள். ஜப்பானில் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நடத்தும் பரிசோதனையின் கேள்வித்தாளில், இருபது வயதில் இருந்ததைவிட எடை பத்து கிலோவுக்கு மேல் கூடியிருக்கிறதா என்று ஒரு கேள்வியே இருக்கிறது. நம் ஊர் முழு உடல் பரிசோதனையில் அதைக் கேட்க ஒரு பைசா செலவாகாது. கேட்பதில்லை. அப்பாவுக்கு 42 வயதில் சர்க்கரை நோய் வந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். சென்னையில் நடந்த ஆய்வில் சர்க்கரை நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கொழுப்புக் கல்லீரல் இருந்தது. இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. எது முதலில் வெளியே தெரிகிறது என்பதுதான் மாறும்.

'இதைக் கணக்கிட்டுச் சொல்லும் சூத்திரம் இல்லையா' என்றும் கேட்டிருந்தீர்கள். இருக்கிறது, ஒன்றல்ல, பல. ஆனால் ஒல்லியானவர்களிடம் அவை தடுமாறுகின்றன. ஏன் என்பதை உங்கள் எண்களைப் போட்டே காட்டுகிறேன். இத்தாலியில் 2006இல் உருவாக்கிய 'ஃபேட்டி லிவர் இண்டெக்ஸ்' பி.எம்.ஐ., இடுப்பளவு, டிரைகிளிசரைடு, ஜி.ஜி.டி. என்ற கல்லீரல் நொதி ஆகிய நான்கையும் எடுத்துக்கொள்கிறது. முப்பதுக்குக் கீழே என்றால் கொழுப்பு இல்லை, அறுபதும் அதற்கு மேலும் என்றால் இருக்கிறது. நீங்கள் தந்த ஜி.ஜி.டி. 38ஐச் சேர்த்துக் கணக்கிட்டால் வருவது 42. இதுவும் இல்லை, அதுவும் இல்லை. மற்ற மூன்று எண்களை அப்படியே விட்டுவிட்டு, உங்கள் எடையை மட்டும் 80 கிலோ என்று மாற்றினால் 61 ஆகிவிடுகிறது! ரத்தமும் இடுப்பும் அதேதான். எடை குறைவு என்ற ஒரே காரணத்துக்காகச் சூத்திரம் உங்களுக்குச் சலுகை காட்டுகிறது. கொரியாவில் 2010இல் வந்த இன்னொரு கணக்கு, எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. என்ற இரண்டு கல்லீரல் நொதிகளின் விகிதத்தை எட்டால் பெருக்கி பி.எம்.ஐ.யோடு கூட்டுவது. அதில் முப்பதுக்குக் கீழே இல்லை, 36க்கு மேல் உண்டு. உங்களுக்கு 34. மறுபடியும் நடுவிலேயே. பி.எம்.ஐ.யைக் கூட்டிச் செய்யும் கணக்கு எதுவானாலும் ஒல்லியானவரைக் குறைத்தே மதிப்பிடும். எனவே ஒல்லியானவருக்கு வரும் 'நடு' விடையை நான் 'இருக்கலாம், ஸ்கேன் எடுங்கள்' என்றே வாசிக்கிறேன். இது வழிகாட்டு நூலில் உள்ள விதியல்ல, என் பழக்கம்.

உங்கள் எஸ்.ஜி.பி.டி. 48; பரிசோதனைக் கூடத்தின் எல்லை 50 என்பதால் நட்சத்திரம் போடவில்லை. பல கூடங்கள் நாற்பதிலிருந்து 55 வரை ஆளுக்கொரு எல்லையை அச்சடிக்கின்றன. நோயில்லாத கல்லீரலுக்கு ஆணுக்கு ஏறத்தாழ 33, பெண்ணுக்கு 25 என்பதைத்தான் அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. மறுபக்கம், இந்த எண் சரியாக இருந்தும் கொழுப்பு உள்ளவர்கள் ஏராளம். ஸ்கேனும் முழு நம்பிக்கைக்கு உரியதல்ல. கல்லீரல் செல்களில் ஐந்து சதவீதத்துக்கு மேல் கொழுப்பு இருந்தாலே அது நோய். ஆனால் இருபது சதவீதத்துக்குக் கீழே இருப்பதை ஸ்கேன் பல நேரங்களில் தவறவிடும். 'கிரேடு 1', 'கிரேடு 2' என்பது கொழுப்பின் அளவைப் பற்றி ஸ்கேன் செய்பவரின் கண் சொல்லும் மதிப்பீடு. கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

மரபணுவைப் பற்றி ஒரு பத்தி போதும். பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவில் உள்ள ஒரு மாற்றம் கல்லீரலில் கொழுப்பைத் தேக்குகிறது என்பது 2008இல் அமெரிக்காவின் டாலஸ் நகர ஆய்விலிருந்து தெரியவந்தது. பின்னர் வேறு சில மரபணுக்களும் சேர்ந்தன. இவை எடையைப் பார்த்து வருவதில்லை என்பதால் ஒல்லியானவர்களிடம் இவற்றின் பங்கு கவனத்துக்குரியது. ஆயினும், முடிவு எதுவாக இருந்தாலும் நான் உங்களுக்குச் சொல்லப்போகும் ஆலோசனை மாறாது. மாறாத ஆலோசனைக்காக ஆயிரக்கணக்கில் செலவு செய்ய வேண்டாம்.

இப்போது நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மா வந்தார். வயது 52, எடை 46 கிலோ. பித்தப்பைக் கல்லுக்காக எடுத்த ஸ்கேனில் 'லேசான கொழுப்பு' என்று இருந்தது. "இந்த உடம்பில் கொழுப்பா?" என்று அவரே சிரித்தார், நானும் சிரித்தேன். "நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை அம்மா" என்று அனுப்பிவைத்தேன். நான்கு வருடம் கழித்து ரத்த வாந்தி எடுத்து வந்து சேர்ந்தார். கல்லீரல் சுருக்கம். பழைய அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். எஸ்.ஜி.ஓ.டி. 58, எஸ்.ஜி.பி.டி. 41, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 1.1 லட்சம். எல்லாம் அன்றைக்கே என் மேசையில் இருந்திருக்கின்றன. 'ஃபிப்-4' என்று ஒரு எளிய கணக்கு இருக்கிறது. வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்கி, அதைத் தட்டணு எண்ணிக்கையாலும் (ஆயிரங்களில்) எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தாலும் வகுக்க வேண்டும். 1.3க்குக் கீழே என்றால் பெரும் தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு, 2.67க்கு மேல் என்றால் உடனே கவனிக்க வேண்டும். அவருக்கு அன்று போட்டிருந்தால் 4.3 வந்திருக்கும். அவருடைய மெலிந்த உடலைப் பார்த்து எண்ணைப் பார்க்காமல் விட்டேன். இந்தக் கணக்கில் எடைக்கு இடமே இல்லை என்பதுதான் இதன் பெரிய நன்மை.

உங்களுக்கு எஸ்.ஜி.ஓ.டி. 32, தட்டணுக்கள் 2.4 லட்சம். கணக்கு 0.69. இது நல்ல எண். இன்றைய தேதியில் உங்கள் கல்லீரலில் ஆபத்தான அளவுக்குத் தழும்பு இருக்க வாய்ப்பு மிகவும் குறைவு. 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கின் நம்பகம் குறையும், 65க்கு மேல் கீழ் எல்லையை 2.0 என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதால் வயதையும் கருத்தில் கொள்கிறேன்; நீங்கள் அந்த விளிம்பை ஒட்டி இருக்கிறீர்கள். மனம் சமாதானம் ஆகவில்லை என்றால் ஒரு முறை, கல்லீரல் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். கல்லீரலின் விறைப்பு 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருந்தால் கவலையை விடலாம். கொழுப்பு எவ்வளவு என்பதைவிடத் தழும்பு எவ்வளவு என்பதே ஆயுளைத் தீர்மானிக்கிறது. நீண்டகால ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டும் விஷயம் இது.

ஒல்லியானவர்களுக்கு நோய் மெதுவாகப் போகுமா, வேகமாகப் போகுமா என்பதில் மருத்துவர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஸ்வீடனில் கல்லீரல் திசு எடுத்துப் பார்த்த 646 பேரைச் சராசரியாக இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். தொடக்கத்தில் ஒல்லியானவர்களுக்குத் தழும்பு குறைவாகவே இருந்தது. ஆனால் பின்னாளில் கடுமையான கல்லீரல் நோய் வரும் ஆபத்து அவர்களுக்குத்தான் அதிகமாக இருந்தது. வேறு ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. ஒல்லியான ஒருவரைத் திசுப் பரிசோதனை வரை கொண்டுபோனதற்கே வலுவான காரணம் ஏதோ இருந்திருக்கும். அதனால் அந்தக் கூட்டமே நோய் முற்றியவர்கள் பக்கம் சாய்ந்திருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். எப்படியானாலும் 'ஒல்லி என்பதால் ஆபத்தில்லை' என்று சொல்ல அந்த ஆய்வுகளில் இடமில்லை. இதய நோய்க்கும் இதே பேச்சுதான்.

ஒல்லியானவரின் கல்லீரலில் கொழுப்பைப் பார்த்தால் உடனே உணவையும் உடற்பயிற்சியையும் பேசிவிடக் கூடாது. வேறு காரணங்களைத் தேட வேண்டும். ஹெபடைட்டிஸ் சி, குறிப்பாக நம் நாட்டில் அதிகம் காணப்படும் மூன்றாம் வகை, தானே கல்லீரலில் கொழுப்பைச் சேர்க்கும். ஸ்டீராய்டு, டமாக்சிஃபென், மெத்தோட்ரெக்ஸேட், அமியோடரோன், வால்ப்ரோயேட் ஆகிய மருந்துகள் செய்யும். தைராய்டு குறைபாடும் கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயும் செய்யலாம். இளம் வயதினராக இருந்து, ரத்தத்தில் சர்க்கரையும் டிரைகிளிசரைடும் ஒழுங்காக இருந்து, கல்லீரலில் மட்டும் கொழுப்பு இருந்தால், செம்பு உடலில் தேங்கும் வில்சன் நோயை நினைக்க வேண்டும். அது மருந்தால் கட்டுப்படும் நோய். தவறவிட்டால் உயிரைக் குடிக்கும். உங்கள் விஷயத்தில் மூன்று எண்கள் காரணத்தைச் சொல்லிவிட்டன. ஆனாலும் ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனைகளும் தைராய்டும் ஒருமுறை பார்க்கலாம். மதுவைப் பற்றி 'இல்லை' என்று எழுதியதை நம்புகிறேன்; 'எப்போதாவது' என்பதைத்தான் நான் நம்புவதில்லை.

தம்பிக்கு ஸ்கேனிலிருந்து தொடங்க வேண்டாம். ஒரு டேப்பும், வெறும் வயிற்றில் ஒரு ரத்தப் பரிசோதனையும் போதும்: சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி, கொழுப்பு அளவுகள், கல்லீரல் நொதிகள், தட்டணுக்கள். இடுப்பு அவர் உயரத்தில் பாதியைத் தாண்டினாலோ, டிரைகிளிசரைடு 150ஐயோ சர்க்கரை 100ஐயோ தொட்டாலோ, அப்போது ஸ்கேன் எடுக்கலாம். எல்லாம் சரியாக இருந்தால் இரண்டு மூன்று வருடம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம். எழுத்தில் வந்த எண்களை வைத்து நான் இவ்வளவுதான் சொல்ல முடியும். வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவர் என்னைவிட அதிகம் சொல்வார்.

எடை குறைப்பது பற்றித் தயங்கிக் கேட்டிருந்தீர்கள், 'இதற்கு மேல் எதைக் குறைப்பது' என்று. ஹாங்காங்கில் 154 பேரை வைத்து ஓர் ஆண்டு நடத்திய ஆய்வில், பி.எம்.ஐ. 25க்குக் கீழே இருந்தவர்களில் எடையில் 3 முதல் 5 சதவீதம் குறைத்தவர்களில் பாதிப் பேருக்குக் கல்லீரல் கொழுப்பு மறைந்தது. குண்டாக இருந்தவர்களுக்கு அதே பலன் கிடைக்க 7 முதல் 10 சதவீதம் தேவைப்பட்டது. உங்களுக்கு 3 சதவீதம் என்றால் இரண்டு கிலோ. அதைச் சோற்றை நிறுத்திப் பட்டினி கிடந்து குறைத்தால் தசைதான் போகும். குதிர் இன்னும் மோசமாகும். எனவே தண்டால், பஸ்கி, எடை தூக்குதல் என்று தசைக்கு வேலை வாரத்தில் இரண்டு மூன்று நாள், வேக நடை ஐந்து நாள். இரவுத் தட்டில் சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் சுண்டலோ முட்டையோ மீனோ வையுங்கள். பழச்சாறும் குளிர்பானமும் வேண்டாம்; பழமாகவே சாப்பிடலாம். காபி குடிப்பவர்களுக்குத் தழும்பு குறைவு என்று பல ஆய்வுகள் சொல்வது உண்மை; அவற்றில் யாரும் இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட நம் டிகிரி காபியைச் சோதிக்கவில்லை. கீழாநெல்லி சாப்பிடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கல்லீரல் கொழுப்பை அது குறைக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. 'லிவர் டானிக்' எதையும் நீங்களாக வாங்கிக் குடிக்காதீர்கள். மூலிகைக் கலவையால் கல்லீரல் வீங்கி வருபவர்களை நாங்கள் தொடர்ந்து பார்க்கிறோம்.

ஆறு மாதம் கழித்து இடுப்பு, டிரைகிளிசரைடு, சர்க்கரை, எஸ்.ஜி.பி.டி. நான்கையும் மறுபடி பாருங்கள். ஸ்கேனுக்கு அவசரமில்லை. ஃபிப்-4 கணக்கை ஆண்டுக்கொரு முறை அதே ரத்தப் பரிசோதனையிலிருந்து நீங்களே போட்டுக்கொள்ளலாம், 1.3ஐத் தாண்டிய அன்று ஃபைப்ரோஸ்கேனுக்குப் போங்கள். அப்போது யாராவது உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'இந்த உடம்புக்கு எதற்கு இந்தப் பரிசோதனை?' என்று கேட்டால், கேட்பவர் மருத்துவராகவே இருந்தாலும், இந்த எண்களை எடுத்து அவர் முன்னால் வையுங்கள்.